நாலு பேரும் ஆம்பளைங்களா டீச்சர்?



போன வாரம் என் பேரன் மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோவை அனுப்பியிருந்தான். பார்த்ததும் நம் பள்ளிச் சுற்றுலா நினைவுக்கு வந்துவிட்டது. கூக்காலிலிருந்து கிளம்பி, விடிய விடிய பஸ்ஸில் போய், முதல்முறையாகக் கடலைப் பார்த்தீர்களே, அந்தச் சுற்றுலாதான்.

அந்தச் சிலைக்கு முன்னால் உங்களை நிறுத்திப் பாடம் நடத்தினேன். 1959-இல் திறந்தது, செய்தவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, நாலு பேர் சேர்ந்து ஒரு பெரிய பாறையைப் புரட்டுகிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "நாலு பேரும் ஆம்பளைங்களா டீச்சர்? எங்கம்மாவும்தான் கல்லு சுமக்குறாங்க."

"ஏன், இதே கடற்கரையில் கண்ணகி, ஔவையார் சிலை எல்லாம் இருக்கே. 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்தது" என்றேன்.

"அவங்கல்லாம் பெரியவங்க டீச்சர்."

என்னிடம் பதில் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எல்லோரையும் கிளப்பிவிட்டேன்.

2001-இல் கண்ணகி சிலையை எடுத்தபோது தமிழ்நாடே பேசியது. 2006-இல் அது திரும்பி வந்தது. காவியத்துப் பெண்ணுக்காகக் கேட்க ஆள் இருந்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவுக்காக யார் கேட்பார்கள் என்று அப்போதும் நினைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெற்ற பிறகு சிவகங்கைப் பக்கம் கொல்லங்குடி வெட்டுடையார் காளி கோயிலுக்குப் போயிருந்தேன். உடையாள் என்று மாடு மேய்த்த ஒரு பெண், வேலுநாச்சியார் போன வழியைக் காட்டிக்கொடுக்க மறுத்து வெட்டுப்பட்டாளாம். 1780-இல் சீமையை மீட்ட நாச்சியார், அவளுக்கு நடுகல் வைத்துத் தன் தாலியையே காணிக்கையாக வைத்தார் என்று அந்தப் பக்கத்து மக்கள் வழிவழியாகச் சொல்கிறார்கள்.

அரசிக்கு, மாடு மேய்த்தவளின் பெயர் தெரிந்திருக்கிறது. அங்கே நிற்கும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நம் சத்துணவு ஆயாவின் பெயர் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மேகம் இறங்கி எதிரே ஆள் தெரியாத காலையில், தலையில் விறகுச் சுமையோடு வருவார். ஈர விறகோடு மல்லுக்கட்டி, கண் சிவக்க ஊதுவார். விரல் விறைத்துப் பென்சில் பிடிக்க முடியாத பிள்ளைகளை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கை காயவைத்து அனுப்புவார். பூண்டுக் காட்டு வேலை முடித்துவிட்டு நேரம் கழித்து வரும் பிள்ளைக்கு ஒரு தட்டுச் சோறு எடுத்து மூடி வைத்திருப்பார். சம்பளப் பட்டியலில் அவர் கைநாட்டு வைப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பக்கத்தில் எழுதியிருந்த பெயரை ஒருநாளும் படிக்கவில்லை. தினமும் அத்தனை பேரின் பெயரையும் வாசித்து வருகை எடுத்த டீச்சர், அவரைக் கடைசிவரை "ஆயா" என்றே கூப்பிட்டேன். அவர் இறந்தும் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு போட்டோகூட இல்லை.

உங்களில் யாருக்காவது அவர் பெயர் தெரிந்தால், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டாவது, கீழே எழுதுங்கள். சிலை வைக்க நம்மால் ஆகாது. சமையற்கூடத்துச் சுவரில் அவர் பெயர் பொறித்த ஒரு சின்னக் கல் பதிக்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். என் பென்ஷனில் இருந்து தருகிறேன்.

அன்றைக்குக் கேள்வி கேட்ட பிள்ளையே, நீ இதைப் படித்தால், டீச்சர் பதில் சொல்ல ரொம்ப நாளாகிவிட்டது. மன்னித்துக்கொள்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்
கூக்கால்