வேலிக்கு என்ன செடி?

பெங்களூரு,
மே 12

அன்புள்ள தம்பி செந்திலுக்கு,

சர்ஜாபுரா சைட்டின் படம் பார்த்தேன். முன்பக்கம் சுவர் வேண்டாம், செடி வேலியே போதும் என்று நீங்கள் முடிவு செய்ததில் எனக்குச் சந்தோஷம். ஆனால் கான்ட்ராக்டர் துரந்தா என்றால் தலையாட்டிவிடாதே. அந்த மஞ்சள் இலையைத்தான் இந்த ஊரில் எல்லா அப்பார்ட்மென்ட் வாசலிலும் பார்க்கிறோமே! அதன் ஆரஞ்சுக் காய் நஞ்சு. உன் மகளுக்கோ கண்டதையெல்லாம் வாயில் போடுகிற வயசு. அரளி அதைவிட மோசம்.

தெருப்பக்கம் களா வை. கணுவுக்கு இரண்டாக நிற்கும் முள்ளைத் தாண்டி மாடும் வராது, நாயும் வராது. மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. காய் முதலில் இளஞ்சிவப்பு, பழுத்தால் கருநீலம். ஊறுகாய்க்குக் காயாகப் பறி. நறுக்கும்போது பால் வடிந்து கத்தியில் பிசினாகப் பிடிக்கும், கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள். பழத்தில் ஜாம் போட்டால், பெக்டின் இருப்பதால் நன்றாகவே உறையும். இரண்டரை அடிக்கு ஒரு செடி போதும். கேட்டை ஒட்டி மட்டும் மூன்றடி விட்டுவிடு, முள் புடவையைப் பிடிக்கும்.

தண்ணீருக்காகவும்தான் களாவைச் சொல்கிறேன். 2024 மார்ச்சில் குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது நினைவிருக்கும். வேர் பிடித்த களாவுக்கு மழையே போதும்.

பக்கவாட்டில் குழந்தை விளையாடுகிற இடத்தில் முள் வேண்டாம். அங்கே சுரினாம் செர்ரி வை. தென்னமெரிக்கச் செடி, கொழுந்து செம்பு நிறமாக வரும். பழம் எட்டு வரி போட்ட குட்டிப் பூசணிக்காய். நன்றாகச் சிவந்து, தொட்டதும் கையில் உதிர்ந்தால்தான் தின்னலாம். அவசரப்பட்டால் பிசின் வாடை அடிக்கும்.

இனி முக்கியமான விஷயம். தோட்டக்காரர்கள் வேலி என்றாலே கத்திரியை எடுத்து மட்டமாகச் சீவிவிடுவார்கள். களா கிளை நுனியில்தான் பூக்கும். மாதாமாதம் நுனியை வெட்டினால் பச்சைச் சுவர் கிடைக்கும், பழம் கிடைக்காது. முதல் இரண்டு வருஷம் அடியிலிருந்து கிளை அடர வேண்டும் என்பதற்காக வெட்டு. அப்புறம் வருஷத்துக்கு ஒரே தடவை, காய்ப்பு முடிந்த பிறகு. கொஞ்சம் பரட்டையாகத்தான் நிற்கும். நிற்கட்டும். பழமும் வேண்டும், பார்க்க ஃபைவ் ஸ்டார் ஹோட்டல் மாதிரியும் இருக்க வேண்டும் என்றால் நடக்காது.

சமையலறைப் பக்கம் கறிவேப்பிலையும் தவசிக்கீரையும் மாற்றி மாற்றி வை. தினமும் பறிப்பதே அவற்றுக்குக் கவாத்து. தவசிக்கீரையை இங்கே சக்ரமுனி என்பார்கள், குச்சி வெட்டி நட்டாலே துளிர்க்கும். பொரியலுக்கும் சாம்பாருக்கும் அளவாகப் போடு, பச்சைச் சாறாக மட்டும் குடிக்காதே. 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்க அந்தச் சாற்றைக் குடித்த பலருக்கு நுரையீரலே கெட்டுப்போனது. பின்பக்கக் கம்பி வேலியில் கோவைக்காய்க் கொடி ஒன்று போதும். நம் ஊரில் பெங்களூர் கத்தரிக்காய் என்கிறோமே, அந்த சௌசௌவை ஏற்றாதே. அதன் பாரத்துக்குப் பந்தல்தான் சரி.

கொய்யா ஆசை விடவில்லை என்று எழுதியிருந்தாய். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கிரண் நெருக்கி நடவும் ஏற்றது, உள்ளே சிவப்புச் சதை. மூலையில் இரண்டு வை, வேலிக்கு இழுக்காதே.

தெருவில் போகிறவர்கள் களா பறிக்கத்தான் செய்வார்கள். அதற்குச் சண்டைக்குப் போகாதே.

ஜூன் மழைக்கு முன் குழி எடுத்துவிட வேண்டும். நாலு பக்கத்து அளவையும் எழுது, லால்பாக் நர்சரியில் கன்றுக்கு நான் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா