எமது பழங் கணிப்பொறி

எம் வீட்டு முன்னறையின் மூலையில், மரமேசை யொன்றின்கீழ், கரிய இரும்புக்கூடொன்று நிற்கின்றது. அதனுள் இருப்பது 2015-ஆம் ஆண்டில் எம் தமையனார் தம் கையாலேயே பூட்டியமைத்த கணிப்பொறி. அப்பொழுது அவர்க்கு வயது பத்தொன்பது. யாம் இன்றுள்ள அதே வயது. அண்டைவீட்டுப் பிள்ளைகட்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பொருளைக்கொண்டு, ஒவ்வோர் உறுப்பாக வாங்கிவந்தார். எட்டு வயதுச் சிறுவராயிருந்த யாம், திருகாணிகளை ஒரு கிண்ணத்திலிட்டு ஏந்தி அருகில் நின்றோம். கூட்டின் தகட்டு விளிம்பு அவர் உள்ளங்கையைக் கீறிவிட, அன்னையார் மஞ்சட்பொடியோடு ஓடிவந்தமை இன்றும் கண்ணில் நிற்கின்றது. விளையாடுவதற்கென்றே ஒரு பொறியா என்று தந்தையார் முகஞ்சுளித்தார்; பின்னாளில் அதிலேயே பழைய திரைப்படங்களை அவர் கண்டு களித்தது வேறு செய்தி.

அப்பொறியின் உறுப்புக்களையும் ஈண்டுச் சொல்லிவிடுவோம், பின்னர் வேண்டியிருக்கும். இன்டெல் கம்பெனியாரின் நான்காந் தலைமுறைச் செயலியாகிய ஐ5-4460. டிடிஆர்3 வகை நினைவகம் 8 ஜிபி. சுழலும் வன்தட்டு ஒன்று. 2017-இல் சேர்த்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்னும் கிராபிக்ஸ் அட்டை.

தமையனார் 2019-இல் பிழைப்பின் பொருட்டுச் சார்ஜாவுக்குச் சென்றார். அதுமுதல் சனிக்கிழமை இரவுகளில் அவர் அங்கும் யாம் இங்குமாக அமர்ந்து, கவுண்டர்-ஸ்ட்ரைக் என்னும் துப்பாக்கி விளையாட்டை ஆடிவருகின்றோம். மற்றை நாட்களில் தொலைபேசியில் அவர் கேட்பன ‘சாப்பிட்டாயா, படித்தாயா’ என்னும் இரண்டே வினாக்கள். ஆட்டத்திலோ, ஒரு சுவரின் பின்னே பதுங்கி எதிரியை எதிர்நோக்கியிருக்கும் அவ்வமைதியில், அவர் நெஞ்சிற் கிடப்பன தாமே வெளிவரும். மேலாளர் கடிந்துகொண்டதும், உடனுறைந்த நண்பர் ஊர் திரும்பிவிட்டதும், அங்கே தமக்கு உறக்கம் வாராமையும் யாம் அவ்வாறு அறிந்தனவே. அவ்விளையாட்டை வீண்பொழுது என்பாரோடு யாம் வழக்காடுவதில்லை, உடன்படுவதுமில்லை.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அவ்விளையாட்டின் பழைய வடிவை அகற்றி, இரண்டாம் வடிவை அவ்விடத்தில் வைத்தனர். அதற்கென விலையொன்றும் கேட்டிலர். ஆயினும் எம் பழம்பொறிக்கு அது பெருஞ்சுமையாயிற்று. நீரொழுக்கெனச் சென்ற காட்சிகள் தத்தித் தத்திச் செல்லலாயின. 2025-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் நோய் முற்றிற்று. எதிரி தோன்றும் நொடியில் திரை உறைந்து நிற்கும். அது மீண்டும் அசையும்பொழுது யாம் மாண்டு கிடப்போம். தமையனார் பொறுத்துப் பார்த்து, “அதைத் தூக்கிப் போடுடா தம்பி. பணம் அனுப்புகிறேன், புதிதாக ஒன்று கட்டிக்கொள்” என்றார். அப்பணத்திற்காக அவர் விடுமுறை நாட்களிலும் மிகைவேலை செய்ய ஒப்புக்கொண்டிருந்தார் என்பது அன்னையார் வாய்தவறிச் சொல்லவே எமக்குத் தெரியவந்தது. உறக்கமின்றி வருந்தும் ஒருவர், எம் விளையாட்டின் பொருட்டு இன்னும் உறக்கங் குறைப்பதா?

அடுத்த சனிக்கிழமை, தாம்பரத்தில் மின்தொடர்வண்டி யேறி, அண்ணாசாலையை யொட்டிய ரிச்சி தெருவுக்குச் சென்றோம். தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு ஆங்கே நேரும் இடர் ஒன்றுண்டு. முதற்கடையில், “ஐயா, தாய்ப்பலகை என்ன விலை?” என்றோம். கடைக்காரர் எம்மை மேலுங்கீழும் நோக்கி, “பலகையெல்லாம் இங்கே கிடையாது தம்பி” என்றார். ‘போர்டு’ என்று திருத்திய பின்னரே விலை சொன்னார். இரண்டாங் கடையிலோ, பொறியின் நோய் யாதெனக் கேளாமலே, 25,000 ரூபாய்க்குப் புதிய கிராபிக்ஸ் அட்டையொன்றைப் போட்டாற் பறக்கும் என்றனர். பணம் கையிலிருந்திருப்பின் அன்றே ஏமாந்திருப்போம்.

வீடு திரும்பி, யாமே சோதித்தோம். திரையிற் காட்டும் படத்தின் நுணுக்கத்தை 1920க்கு 1080 என்னும் அளவிலிருந்து 1280க்கு 720 ஆகக் குறைத்தால், கிராபிக்ஸ் அட்டையின் வேலை பாதிக்கும் கீழாகும். குற்றம் அட்டையின்கண் இருப்பின், காட்சி உடனே விரைவுறல்வேண்டும். சிறிதும் விரைந்திலது. எனவே அட்டை குற்றமற்றது, தடுமாறுவது செயலியே. இனி அச்செயலியின் வெப்பத்தை அளந்து பார்த்தவிடத்து, நூறு பாகையை நெருங்கி நின்றது. அவ்வளவு சூடேறின் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 3.2 கிகாஹெர்ட்சில் ஓடவேண்டியது 2-க்கும் கீழே இறங்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

கூட்டைத் திறந்தோம். பத்தாண்டுத் தூசு, விசிறியின் கீழே தகடுகளுக்கிடையில், பஞ்சுமெத்தைபோற் படிந்திருந்தது. விசிறியைப் பலகையோடு இறுக்கும் பிளாஸ்டிக் ஊசிகள் நான்கனுள் ஒன்று கழன்றிருந்தது. செயலிக்கும் தகட்டிற்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்து சுண்ணாம்பாய் உதிர்ந்தது. யாவற்றையும் துடைத்து, 200 ரூபாய்ப் பசை தடவி, ஊசியை அழுத்திப் பூட்டினோம். வெப்பம் 70 பாகைக்கு இறங்கிற்று. அன்றைய இரவே ஆட்டம் ஓரளவு ஓடிற்று. 25,000 ரூபாய் நோய்க்கு 200 ரூபாய் மருந்து!

எனினும் முதுமை முதுமையே. பொறியின் வயதை யாராலும் துடைத்தல் இயலாது. அதே பலகையிற் பொருந்தும் ஐ7-4790 செயலி, பிறர் ஆண்டதாய், 5,500 ரூபாய்க்குக் கிடைத்தது. டிடிஆர்3 நினைவகமும் மலிவே. ஆயின் அவையிரண்டும் இப்பலகையோடு பிறந்து இப்பலகையோடு மடிவன. டிடிஆர்3 நினைவகத்திற்கு ஊசிமுனைகள் 240. அடுத்துவந்த வகைகட்கு 288. ஒன்றன் வாய் மற்றொன்றை ஏலாது. மேலும், விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டார் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11-ஓ எட்டாந் தலைமுறைக்கு முந்திய இன்டெல் செயலிகளைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

அவ்வாறாயின் புதிதாகவே கட்டிவிடலாமெனின், பலகை, செயலி, நினைவகம் மூன்றும் மாறல்வேண்டும். கடைத்தெருவார் எஸ்எம்பிஎஸ் என வழங்கும் மின்வழங்கியும் பத்தாண்டு உழைத்தது. அதனை நம்பிப் புதியவற்றைப் பூட்டுதல் மடமை. யாவுங் கூட்ட 50,000 ரூபாயைத் தாண்டிற்று. அதிலும் நினைவகத்தின் விலை, முந்தைய கோடையில் யாம் கேட்டதன் இருமடங்கிற்கும் மேலாய் ஏறியிருந்தது. செயற்கை நுண்ணறிவுக்கென எழுப்பப்படும் தரவுநிலையங்கள் நினைவுச் சில்லுகளைப் பெருவாரியாய் வாங்கிக்கொள்வதே அவ்வேற்றத்திற்குக் காரணம். இத்தனையும் மாற்றியபின் எஞ்சுவது கூடொன்றே. எம் பாட்டியாரிடம் ஓர் அரிவாள்மணை இருந்தது. மணை இருமுறையும் அரிவாள் ஒருமுறையும் மாறியும், அதனை அவர் தம் தாயார் தந்த அரிவாள்மணை என்றே இறுதிவரை சொல்லிவந்தார். அதனைக் கேட்டு நகைத்த யாம், இப்பொழுது நகைப்பதற்கில்லை.

இறுதியில் ஒரு வழி கண்டோம். நாளைய புதுப்பொறிக்கும் உடன்வரத் தக்க உறுப்பை மட்டுமே இன்று வாங்குவது. இதனோடு மடிவதற்குக் காசு செலவிடாதிருப்பது. அவ்வாறு நோக்கின் தேறியது ஒன்றே: சுழலாத எஸ்எஸ்டி தட்டு. கட்டுரைப் போட்டியிற் பெற்ற பரிசுத்தொகையோடு சிறிது சேர்த்து, 3,400 ரூபாய்க்கு அதனை வாங்கினோம். விண்டோஸை விடுத்து, அதில் லினக்ஸை நிறுவினோம். எம் விளையாட்டு அதிலும் ஓடும். மூன்று நிமிடம் முனகிக்கொண்டு விழித்த பொறி, இப்பொழுது அரை நிமிடத்திற்குள் எழுந்துவிடுகின்றது. தத்தல் அறவே ஒழிந்ததென்று சொல்லோம். புகைக்குண்டு வெடிக்கும்பொழுது இன்னும் சற்றே திணறும். அவ்விடங்களில் யாம் முந்திச்செல்லாமல் தமையனாரை முன்விடுகின்றோம்.

சென்ற சனிக்கிழமை, ஆட்டத்தின் நடுவில், பணம் வேண்டாவென்றும் மிகைவேலையை விட்டுவிடும்படியும் சொன்னோம். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. “அம்மா சொன்னாங்களா?” என்றார். ஆமென்றோம். “சரி. இந்தக் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். அப்போது விலை இறங்கியிருந்தால் இரண்டு பேருமாகக் கட்டுவோம். அதுவரை அந்தக் கூட்டை மட்டும் யாருக்கும் விற்றுவிடாதே” என்றார். எதற்கென்று கேட்டோம். “அதுவாடா, அன்றைக்கு என் கையை...” என்று தொடங்கியவர், எதிரி வந்துவிடவே, நிறுத்திக்கொண்டார்.