மெம்பரும் உறுப்பினரும்

பொன்னேரி ரயிலடி டீக்கடைகளில் காலைப் பேப்பருக்கு ஓய்வே கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முதல் ஷிப்டு போகிறவர்கள் நின்றபடியே ஒரு நோட்டம் விடுவார்கள். பேப்பரில் ‘வார்டு உறுப்பினர் மனு’ என்று இருக்கும். படித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம், “நம்ம மெம்பரு மனு கொடுத்திருக்காருப்பா” என்பார். அச்சுக்கு ஒரு சொல், வாய்க்கு ஒரு சொல். இந்த இடைவெளிக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட கதை உண்டு.

ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ இதழில் 1904இல் பாரதி உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய அன்றாட வேலை. அப்படிப் பழகிய கையையே ஒருமுறை ‘மெம்பர்’ மடக்கிவிட்டது. ‘அவயவி’ சரியில்லை, ‘அங்கத்தான்’ பொருந்தவில்லை, ‘சபிகன்’ சரிதான், ஆனால் பொதுஜனங்களுக்கு விளங்காது. அரை மணி நேரம் யோசித்தும் ஒன்றும் மனத்துக்குப் பிடிக்காமல், ‘மெம்பர்’ என்றே எழுதினார். அதை வாசகரிடம் மறைக்கவும் இல்லை. நல்ல சொல் கண்டுபிடித்துப் பிறகு சொல்வதாக எழுதி வைத்தார். சரியான சொல் கைக்கு வந்தும், படிக்கிறவருக்குப் புரியாதே என்று அதைத் தள்ளினாரே, அந்த மனம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டினால் அங்கத்தினர், அக்கிராசனர், காரியதரிசி, அபேட்சகர் என்று ஒரு வரிசை எதிர்ப்படும். திராவிட இயக்க மேடைகளும், 1956இல் வந்த ஆட்சிமொழிச் சட்டமும் பலம் சேர்க்க, அந்த இடங்களில் உறுப்பினர், தலைவர், செயலாளர், வேட்பாளர் வந்து உட்கார்ந்தார்கள். இவர்களில் செயலாளர் அச்சோடு நிற்கவில்லை. மாவட்டச் செயலாளர் சுவரொட்டியிலும் பேச்சிலும் ‘மா.செ.’ ஆகிவிட்டார். சுருக்கிக் கூப்பிடும் அளவுக்கு ஒரு சொல் புழங்கினால், அது ஊருக்குச் சொந்தமாகிவிட்டது என்றே பொருள். உறுப்பினருக்கு அந்தப் புழக்கம் வாய்க்கவில்லை. படிவத்திலும் பேப்பரிலும் தங்கிவிட்டார்.

மெம்பர் என்று சொல்வதால் யாருக்கும் நட்டமில்லை. தவறான தமிழால்தான் நட்டம். ஆலையில் ‘லே ஆஃப்’ என்றால் அதைப் ‘பணிநீக்கம்’ என்று எழுதிவிடும் செய்திகளைப் பார்க்கிறோம். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வகுத்த பொருளில் லே ஆஃப் என்பது, மூலப்பொருளோ மின்சாரமோ இல்லாமல் தற்காலிகமாக வேலை தர முடியாத நிலை. தகுதியுள்ள தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடு உண்டு, வேலையும் அவருடையதுதான். ஆளைக் குறைப்பது வேறு, அதற்கு ஆட்குறைப்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. வீட்டு வாடகைக்கும் பிள்ளையின் ஃபீஸுக்கும் கணக்குப் போட்டு வாழ்கிறவர், ‘பணிநீக்கம்’ என்று படித்தால் என்ன பாடுபடுவார்!

செய்தி அறையில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். சந்தேகமான சொல் வந்தால் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள். நல்ல தமிழ் அகப்படாவிட்டால் ஆலையில் சொல்வதையே போட்டு, அடுத்த வரியில் விளக்கிவிடுங்கள். படிக்கிறவருக்கு விளங்க வேண்டும், அதுவும் சரியாக விளங்க வேண்டும்.