திபிலிசியில் ஓர் இராப்போசனம்

பசித்தவனுக்கு நாழிகை நீளும் என்பதை நான் அறியாதவனல்லேன். ஆயினும், உணவுக்காகக் காத்திருத்தல் சில வேளைகளில் உயிருக்கே இடர் விளைக்கும் என்பதைச் சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில், ஜோர்ஜியா நாட்டின் தலைநகரில், ஓர் உணவுச்சாலையிலேதான் கற்றேன்.

ஜோர்ஜியா என்றதும் அமெரிக்க மாநிலத்தை எண்ணவேண்டாம். கருங்கடலுக்குக் கிழக்கே, கோகசஸ் மலைத்தொடரின் தென்புறத்தே அமைந்த சிறிய நாடு இது. 1991 ஆம் ஆண்டிலே சோவியத் ஒன்றியத்தினின்று பிரிந்து தனிநாடாயிற்று. அதன் தலைநகராகிய திபிலிசியில் என் தமக்கையின் மகன் மருத்துவம் கற்கின்றான். அவனைக் காணும்பொருட்டே நானும் என் மனைவியும் அங்குச் சென்றிருந்தோம்.

அந்நகரின் பிறப்பைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஐந்தாம் நூற்றாண்டிலே வாழ்ந்த வக்தாங் கோர்கசாலி என்னும் மன்னன் வேட்டைக்குச் சென்றபோது, அவனுடைய வல்லூறு பற்றிய பறவை வெந்நீர் ஊற்றொன்றில் வீழ்ந்ததாம். அதுகண்டு வியந்த மன்னன் அவ்விடத்தே நகர் அமைத்தானாம். ‘திபிலி’ என்றால் அவர்கள் மொழியில் வெதுவெதுப்பு. இன்றும் பழைய நகரிலே செங்கற் குவிமாடங்களின் கீழ்க் கந்தக நீராடுமிடங்கள் உள்ளன; அவ்வழியாகச் செல்வோரைக் கந்தக வாடை வரவேற்கின்றது. மேலே குன்றின்மீது நரிகலாக் கோட்டை. அதனருகே, 1958 இல் நிறுவிய ‘ஜோர்ஜியத் தாய்’ என்னும் பெருஞ்சிலை. அவளுடைய இடக்கையில் மதுக்கிண்ணம், வலக்கையில் வாள். நண்பராய் வருவார்க்குக் கிண்ணம், பகைவராய் வருவார்க்கு வாள் என்பது பொருள். “பசியோடு வருவார்க்கு எது?” என்று நான் பகடியாகக் கேட்டேன். “வாருங்கோ மாமா, இண்டைக்குப் பாப்பம்” என்று சிரித்தான் மருமகன்.

அவன் எங்களை அழைத்துச்சென்ற உணவுச்சாலை ஒரு பழைய வீட்டின் நிலவறையில் இருந்தது. செங்கல் வளைவுகள், நீண்ட மரவாங்குகள், எங்கும் மனிதர். ஐப்பசி அங்கே திராட்சை அறுவடைக் காலமாதலின், உள்ளூராரும் வெளிநாட்டாரும் நகரில் நிறைந்திருந்தனர். சைவ உணவினராகிய எங்களுக்கும் அந்நாட்டிலே குறையில்லை. அங்குள்ள கிறித்தவர் நோன்பு நாள்களில் இறைச்சியும் பாலும் நீக்கி உண்பவராதலின், அவர்தம் சமையலிலே காய்கறி உணவுகள் பல உள. மட்பானையிற் சமைத்த அவரைவிதை, வாதுமைக்கொட்டை விழுது பொதிந்த கத்தரிக்காய், பாற்கட்டி உள்வைத்துச் சுட்ட ‘கச்சாப்புரி’ ரொட்டி, காளான் வைத்து அவித்த ‘கின்காலி’ ஆகியவற்றைக் கேட்டோம். அப்போது மணி ஏழரை. பதினைந்து நிமிடத்தில் வருமென்று பரிமாறும் பெண் கூறினாள். அவளுக்கு வயது இருபதுக்கு மேல் இராது.

என் மனைவி நீரிழிவு நோயினள். உணவுக்குச் சற்று முன்னே இன்சுலின் ஏற்றிக்கொள்வது அவள் வழக்கம். பதினைந்து நிமிடம் என்ற சொல்லை நம்பி, ஒதுக்கமான இடத்துக்குச் சென்று ஊசியைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

பதினைந்து நிமிடம் அரைமணியாயிற்று. நாங்கள் மட்டுமல்லேம், எம்மைச் சூழ இருந்தோரும் காத்திருந்தனர். ஒரு மேசையிலே பயணப்பெட்டியோடு வந்திருந்த இளந்தம்பதியர் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்துப் பின் உண்ணாமலே எழுந்து சென்றனர். மற்றொன்றிலே ஒரு குழந்தை தாயின் மடியில் உறங்கிவிட்டது. உயர்ந்த மனிதரொருவர் மேசையைத் தட்டிக் குரலெழுப்பினார். எங்களுக்குப் பின்வந்த நால்வருக்கு முதலில் உணவு வந்ததைக் கண்டபோது எனக்கும் சினம் மூண்டது. அப்பெண் எங்களைக் கடக்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு விரைந்தாள். அதுவே என்னை மிகவும் வருத்தியது.

தாமதத்தைப் பொருட்படுத்தாதவர் ஒரே கூட்டத்தினர்தாம். பக்கத்து நெடுமேசையிலே இருபதுபேர் கொண்ட ஒரு குடும்பத்தினர் ‘சுப்ரா’ என்னும் விருந்து நடத்திக்கொண்டிருந்தனர். ‘தமதா’ எனப்படும் விருந்துத் தலைவர், நரைத்த மீசையினர், எழுந்து நின்று மறைந்தோர்க்கும், பெற்றோர்க்கும், குழந்தைகளுக்கும் என ஒவ்வொன்றாய் வாழ்த்துரை கூறுவார். பின்னரே யாவரும் கிண்ணத்தை உயர்த்துவர். ஏறக்குறைய 8000 ஆண்டுகளுக்கு முன்பே திராட்சை மது வடித்த மண் அது. நிலத்திற் புதைத்த பெருந்தாழிகளில் மது வடிக்கும் அவர்களுடைய முறையை 2013 இல் யுனெஸ்கோ மானுடப் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. அத்தகையோர்க்கு உணவு இரண்டு வாழ்த்துரைகளுக்கு இடையே எப்போது வந்தாலும் ஒன்றுதான்.

மணி எட்டேகால் ஆயிருக்கும். “இஞ்சாருங்கோ, எனக்குக் கை நடுங்குது” என்றாள் மனைவி. அவளுடைய நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. நான் சொன்னதற்கு மறுமொழி தடுமாறி வந்தது. மருமகன் ஒருகணம் அவளை உற்றுநோக்கினான். “மாமா, மாமிக்குச் சீனி இறங்கிப்போட்டுது. இனிப்பா ஏதும் உடனே வேணும்!” என்று எழுந்தான்.

நான் உரக்க அழைத்தேன். இல்லை, கத்தினேன் என்பதே உண்மை. பரிமாறும் பெண்ணுக்கு நான் சொன்னது விளங்கவில்லை. ஆனால் நெடுமேசையில் இருந்தோர்க்கு விளங்கிவிட்டது. மருமகன் அவர்கள் மொழியிற் சில சொற்கள் கூறினான். மருத்துவமனையில் நோயாளரோடு பேசுவதற்காகக் கற்ற சொற்கள் அவை. தமதா தம் வாழ்த்துரையை நடுவே நிறுத்தினார். ஒரு மூதாட்டி பச்சை நிறமான இனிப்புப் பானத்தைக் குவளையில் வார்த்து விரைந்து வந்து, என் மனைவியின் வாயருகே பிடித்தார். தார்கோன் என்னும் பூண்டின் மணமுடைய அப்பானம் அந்நாட்டார் விரும்பிப் பருகுவது. சில நிமிடங்களில் அவள் முகம் தெளிந்தது. பின்னர் அவர்களே சூடான ரொட்டியும் தந்து உண்ணச் செய்தனர்.

இதற்கிடையே அந்தப் பெண் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். மருமகன் அவளிடம் பேசியபோதுதான் செய்தி வெளிப்பட்டது. அன்று பணிக்கு வரவேண்டிய இருவர் வரவில்லை. பகலில் அவளும் ஒரு பல்கலைக்கழக மாணவி. கின்காலியை முன்னரே செய்து வைத்தல் இயலாது. மாவைத் தட்டி, உள்ளீட்டை வைத்து, மடிப்பு மடிப்பாகக் கையாற் சுருக்கி, கேட்ட பின்னரே கொதிநீரில் இடவேண்டும். ஆறினாற் சுவை கெட்டுவிடும். கச்சாப்புரியும் அவ்வாறே உடனுக்குடன் சுடப்படுவது. சிறிய அடுக்களை அன்று நெடுமேசைக்கே நூற்றுக்கு மேற்பட்ட கின்காலிகளை அவித்துக்கொண்டிருந்தது. உணவுகள் வரிசையாக வராமல், எது முதலில் வெந்ததோ அது முதலில் வருவதும் அந்நாட்டு வழக்கம். யாவரும் பகிர்ந்துண்பவராதலின் அதனை அவர்கள் குறையாகக் கொள்வதில்லை.

“அப்படியாயின், ஒரு மணிநேரமாகும் என்று ஏன் சொல்லவில்லை?” என்று கேட்கச் செய்தேன். “சொன்னால் எழுந்து போய்விடுவீர்கள் என்று அஞ்சினேன்” என்பது அவள் விடை.

எட்டேமுக்காலுக்கு எங்கள் உணவு வந்தது. சுவையிலே குறையொன்றும் இல்லை. கின்காலியின் குடுமியைப் பிடித்து, முதலிலே சிறிது கடித்து உள்ளிருக்கும் சாற்றை உறிஞ்சிய பின்னரே உண்ணவேண்டும் என்றும், குடுமியைத் தட்டிலே விட்டுவிட வேண்டும் என்றும் மூதாட்டி செய்து காட்டினார். எத்தனை உண்டோம் என்பதற்கு அக்குடுமிகளே கணக்கு. உணவின் விலையோடு பரிமாறியதற்கும் ஒரு தொகை சேர்த்தே சீட்டு வந்தது. பலர் அதைக்கண்டு முணுமுணுத்தனர். அவர்களுடைய முணுமுணுப்பு நியாயமற்றதென்று நான் சொல்லமாட்டேன்.

விருந்தினன் கடவுள் அனுப்பியவன் என்பது ஜோர்ஜியரின் பழமொழி. விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர் வழிவந்த நமக்கும் அது புதிதன்று. ஆனால் வீட்டில் விருந்தினனாய் இருப்பவன் அடுக்களையின் ஓசையைக் கேட்கின்றான். இன்னும் எவ்வளவு நேரமாகும் என்பது அவனுக்குத் தெரியும். கடையில் இருப்பவனுக்கோ அடுக்களை தெரியாது. சொல்லும் வார்த்தை ஒன்றையே அவன் நம்பவேண்டியிருக்கின்றது. கைப்பட ஆக்கும் உணவு தாமதமாவது குற்றமாகாது. அத்தாமதத்தை மறைத்ததே குற்றம். பதினைந்து என்ற ஒரு சொல்லை நம்பித்தான் என் மனைவி ஊசியைப் போட்டுக்கொண்டாள். எங்கள் பங்கிலும் பிழையுண்டு. வெளியிடத்தில் உணவு கண்முன் வந்த பின்னரே அம்மருந்தை ஏற்றவேண்டும் என்றும், கைப்பையில் இனிப்பு ஏதேனும் எப்போதும் இருக்கவேண்டும் என்றும் மருமகன் எங்களைக் கண்டித்தான். இதனை வாசிக்கும் நீரிழிவு நோயினர் மனத்திற் கொள்வாராக.

புறப்படும்போது மூதாட்டி என் மனைவியின் கையில் ‘சுர்ச்கேலா’ ஒன்றை வைத்தார். நூலிற் கோத்த வாதுமைக்கொட்டைகளைத் திராட்சைச் சாற்றுக் கூழில் தோய்த்து உலர்த்திய அப்பண்டம் பார்வைக்கு மெழுகுதிரி போன்றிருக்கும். நான் அந்தப் பெண்ணிடம் சென்று, கத்தியமைக்கு வருத்தம் தெரிவித்தேன். நாள்தோறும் வகுப்பறையிலே அவள் வயதுப் பிள்ளைகளோடு பழகும் எனக்கு அது சொல்லாமற் போக மனம் வரவில்லை.

ஊர் திரும்புவதற்கு முதல்நாள், மனைவியின் விருப்பப்படியே மீண்டும் அங்குச் சென்றோம். கூட்டம் குறைந்திருக்கவில்லை. அதே பெண் எங்களைக் கண்டதும் ரொட்டித் தட்டொன்றை முதலிற் கொண்டுவந்து வைத்தாள். பின்பு கைவிரல்களை விரித்து எண்ணி, “இன்று ஐம்பது நிமிடம்” என்றாள்.

இருந்தோம். ஐம்பத்தைந்து நிமிடமாயிற்று. எங்களில் எவருக்கும் அது நீண்டதாகத் தோன்றவில்லை.