நூற்றில் நான்கு பங்கு

மது அருந்தும் வழக்கம் எமக்கு இல்லை. ஆயினும், சென்ற ஐப்பசியில் பிரான்சு தேசத்துப் போர்டோ நகரில் வாழும் எம் தம்பியைக் காணச் சென்றவிடத்து, ஒரே ஒரு மிடறு செந்நிறத் திராட்சை மதுவைச் சுவைக்க நேர்ந்தது. அம்மிடறு எமது பழைய கடன் ஒன்றை நினைவூட்டிற்று. அதனையே ஈண்டு எழுதுகின்றோம்.

போர்டோவுக்கு வடக்கே, ஜிரோந்து என்னும் அகன்ற கழிமுகத்தின் ஓரமாக மெடோக் என்னும் நிலம் நீண்டு கிடக்கின்றது. பரற்கற்கள் நிறைந்த மண்; கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் திராட்சைக் கொடிகள். அங்கே பல இனப் பழங்களின் மதுவைக் கலப்பதே மரபு. காபர்னே சோவிஞ்ஞோன், மெர்லோ என்னும் இரண்டும் கலவையிற் பெரும்பகுதி, புகழும் அவற்றுக்கே. அவற்றோடு நூற்றுக்கு 2 முதல் 5 பங்களவில் மட்டும் சேரும் பழமொன்று உண்டு. அதன் பெயர் பெத்தி வெர்தோ. ‘சிறு பச்சை’ என்பது போன்ற பொருளுடையது. ஏனையவை பழுத்த பின்னரே இது பழுக்கும். குளிர் மிகுந்த ஆண்டிற் பழுக்காமலே நின்றுவிடுவதும் உண்டு. 1956 பெப்ரவரிக் கடுங்குளிரிற் போர்டோவின் கொடிகள் பெருந்தொகையாகப் பட்டுப்போயின. மீள நட்டோர் பலர் மெர்லோவையே விரும்பி நட்டனர். சிறு பச்சையை நாடியோர் சிலரே.

தம்பிக்குப் பழக்கமான தோட்டக்காரர் ஒருவர் இரண்டு கிண்ணங்களில் மது வார்த்தார். ஒன்று கலவை, மற்றையது தனிப் பெத்தி வெர்தோ.

“அண்ணை, ஒரு மிடறு மட்டும் பாருங்கோ. இண்டைக்கு விரதமில்லைத்தானே,” என்றான் தம்பி.

கலவை மென்மையாக இறங்கிற்று. மற்றையதோ நாவற்பழச் சாறு போற் கருநீலம். முதலிற் பூமணம், அடுத்த கணமே பச்சைப் பாக்கை மென்றாற் போன்ற துவர்ப்பு நாவைப் பற்றிக்கொண்டது. சிறிய பழம், தடித்த தோல். நிறமும் துவர்ப்பும் அத்தோலிலிருந்தே வருகின்றன என்றார் தோட்டக்காரர்.

அவர் மேலும் கூறியதைத் தம்பி மொழிபெயர்த்தான்: “இதைத் தனியக் குடிக்கிறது கஷ்டமாம், அண்ணை. இந்தக் கலவையிலை நூற்றுக்கு நாலு பங்குதானாம். ஆனால் அது இல்லாட்டி மற்றதுக்கு நிறமும் இல்லை, நிலைப்பும் இல்லையாம்.”

நாம் தம்பியின் முகத்தை நோக்கினோம். 1986ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், படிப்பை விட்டுக் கடல் கடந்தவன் அவன். பாரிசில் உணவகமொன்றின் அடுக்களையிற் கோப்பை கழுவினான். எமது பல்கலைக்கழகப் படிப்பும், தங்கையின் திருமணமும், தந்தையாரின் வைத்தியமும் அக்கைகள் அனுப்பிய பணத்தினாலேயே நடந்தன. 1998இல் தந்தையார் காலமானபோது அவனால் வர இயலவில்லை. முப்பத்தோராம் நாளிற் கல்வெட்டு வெளியிட்டோம். அதன் நன்றியுரையை எழுதியவர் நாமே. அயலவருக்கு நன்றி கூறினோம், பந்தல் இட்டோருக்குக் கூறினோம், அச்சகத்தாருக்கும் கூறினோம். அச்சுக்கூலியை அனுப்பியவன் பெயர் மட்டும் அதில் இல்லை. வீட்டுப் பிள்ளைக்கு நன்றி எதற்கு என்று அன்று எண்ணினோம்.

வீடு திரும்பும் வழியில் இதனைத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். காரைச் செலுத்திக்கொண்டிருந்தவன் சற்று நேரம் பேசவில்லை.

“அந்தப் புத்தகம் இப்பவும் என்னட்டை இருக்கு, அண்ணை. ஐயாவின்ரை படத்துக்காக வைச்சிருக்கிறன்,” என்றான் பின்னர்.

அவன் அந்நன்றியுரையை வாசித்திருக்கின்றான் என்பது அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

இக்கட்டுரையிலேனும் அவன் பெயரை எழுத விழைந்தோம், வேண்டாமென்று தடுத்துவிட்டான். எனவே பெயரின்றியே எழுதுகின்றோம்: தம்பி, நன்றி.