கன்சல்டிங் கம்பெனி, நாலு ரவுண்டு, ஒரு கிலோ மாவு

ரிசல்ட் வந்ததுல இருந்து கிளாஸ்ல ஆளாளுக்கு ஒரே கேள்வி. என்ன கேட்டாங்க, எப்படிச் சொன்னே, இங்கிலீஷ் ரொம்ப எதிர்பார்ப்பாங்களா, ஷிப்ட் 2 பசங்களை எடுப்பாங்களா... ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது. அதனால மொத்தமா எழுதிடறேன். கம்பெனி பேரு மட்டும் கேட்காதீங்க, சொல்ல மாட்டேன். ஏன்னு கடைசியில புரியும்.

முதல்ல என்னைத் தெரியாதவங்களுக்கு: சென்னையில ஒரு காலேஜ்ல பி.காம் மூணாவது வருஷம். மத்தியானம் ஆரம்பிக்கிற செல்ஃப் பைனான்ஸ் ஷிப்ட். வீடு வியாசர்பாடி. அம்மா இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கறாங்க. காலையில சைக்கிள்ல கொண்டுபோய்ப் போடறது என் வேலை. இது ஏன் இங்க வருதுன்னா, இன்டர்வியூ முழுக்க இதைச் சுத்தித்தான் நடந்துச்சு.

இந்த கன்சல்டிங்னா என்ன?

பிளேஸ்மென்ட் நோட்டீஸ் பார்த்ததும் பாதிப் பேருக்கு வந்த சந்தேகம் இது. ஒரு கம்பெனிக்குப் பிரச்சனை வந்தா, வெளியாளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்து யோசனை கேட்கறது. அவ்ளோதான். ஆனா காமர்ஸ் படிக்கிறவங்க பெருமைப்பட ஒரு விஷயம் இருக்கு. மெக்கின்சி கம்பெனியை 1926-ல ஆரம்பிச்ச ஜேம்ஸ் மெக்கின்சி, சிகாகோ பல்கலைக்கழகத்துல அக்கவுன்டிங் பேராசிரியர். அதாவது நம்ம ஆளு :-) நாம ரெண்டாவது வருஷம் மனப்பாடம் பண்ணின ஸ்டார், கேஷ் கவ், டாக், கொஸ்டின் மார்க் கட்டம்கூட பாஸ்டன் கன்சல்டிங் குரூப் போட்டதுதான்.

பிக் ஃபோர்னு சொல்ற டெலாய்ட், பி.டபிள்யூ.சி., ஈ.ஒய்., கே.பி.எம்.ஜி. நாலும் அடிப்படையில ஆடிட் கம்பெனிகள். கணக்கைத் தணிக்கை பண்றவங்களே யோசனையும் விக்கலாமாங்கறது பழைய சண்டை. 2001-ல என்ரான் விழுந்து, அடுத்த வருஷமே அதோட ஆடிட்டர் ஆர்தர் ஆண்டர்சனும் காணாமப் போனதும், அமெரிக்கா 2002-ல சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் போட்டு, ஆடிட் பண்ற கம்பெனிக்கே பலவிதமான கன்சல்டிங் வேலை செய்யக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. ஈ.ஒய். ரெண்டையும் தனித்தனிக் கம்பெனியா பிரிக்கப் பார்த்து, 2023 ஏப்ரல்ல அந்தத் திட்டத்தைக் கைவிட்டுச்சு. ‘ஏன் எங்க கம்பெனி?’ன்னு கேட்டா ‘உலகத் தரம்’, ‘வளர்ச்சி வாய்ப்பு’ன்னு சொல்றதுக்குப் பதிலா இதைப் பத்தி ரெண்டு வரி பேசலாம். நான் பேசினேன், கேட்டாங்க.

ஃபாரமும் ஆப்டிட்யூடும்

பத்தாவது, பன்னெண்டாவது, டிகிரி மூணுலயும் 60 சதவீதம், ஸ்டாண்டிங் அரியர் இருக்கக் கூடாது. இங்கயே எங்க கிளாஸ்ல பாதிப் பேர் அவுட். ஃபாரத்துல ‘தாயின் தொழில்’னு ஒரு கட்டம். எங்களுக்கு டிரெயினிங் கொடுக்க வந்தவர் ‘மாவு வியாபாரம்னு போடாதம்மா, ஆன்ட்ரப்ரனர்னு போடு, கெத்தா இருக்கும்’னார். நான் ‘இட்லி மாவு தயாரிப்பு, விற்பனை’ன்னே போட்டேன். அம்மாவைப் பார்த்து யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை, நான் மட்டும் எதுக்கு?

ஆப்டிட்யூட் பத்திச் சொல்ல பெருசா ஒண்ணும் இல்லை. சதவீதம், விகிதம், சார்ட் பார்த்துப் பதில் சொல்றது. நேரம்தான் பிரச்சனை. வேகமா வகுக்கப் பழகிக்கோங்க, போதும்.

ஜி.டி.

பத்துப் பேர், பதினஞ்சு நிமிஷம். தலைப்பு: ‘பெண்களுக்குக் கட்டணமில்லா பஸ், செலவா முதலீடா?’ 2021 மே மாசத்துல இருந்து நான் தினமும் ஏறி இறங்கற பஸ்ஸைப் பத்தி ஏ.சி. ரூம்ல விவாதம்! ஒரு பையன் ஆரம்பிச்சவன் நிறுத்தவே இல்லை. ஃபிஸ்கல் டெஃபிசிட், மார்ஜினல் யுடிலிட்டின்னு ஒரே மழை. நான் மூணு தடவைதான் பேசினேன். ஓசிப் பயணம்னு சொன்னாலும், அரசாங்கம் அந்தக் காசைப் போக்குவரத்துக் கழகத்துக்குக் கொடுக்குது, அதனால அது செலவுதான்னு முதல்ல ஒத்துக்கிட்டேன். ஆனா முதலீடான்னு தெரியணும்னா, பஸ் காசு மிச்சமானதால தூரமா இருக்கிற வேலைக்கு எத்தனை பேர் போக ஆரம்பிச்சாங்கன்னு எண்ணிப் பார்க்கணும்னு சொன்னேன். கடைசியில எல்லாரும் சொன்னதைத் தொகுத்து நாலு வரி. அந்தப் பையனும் செலக்ட், நானும் செலக்ட். அதனால நிறையப் பேசினா தள்ளிடுவாங்கங்கறதும் கதை, பேசாம இருந்தா எடுப்பாங்கங்கறதும் கதை.

கேஸ் இன்டர்வியூ

ஒரு சார், ஒரு மேடம். (எல்லாம் இங்கிலீஷ்லதான் நடந்துச்சு, இங்க தமிழ்ல சொல்றேன்.) மேடம் ஃபாரத்தைப் பார்த்துட்டு, “சென்னையில ஒரு நாளைக்கு எத்தனை கிலோ பாக்கெட் மாவு விக்கும்?”னு கேட்டாங்க.

இதுக்குப் பேரு கெஸ்டிமேட். சரியான விடை அவங்களுக்கும் தெரியாது. நீங்க எப்படி யோசிக்கறீங்கன்னு பார்க்கத்தான். 1945 ஜூலை 16-ல முதல் அணுகுண்டுச் சோதனையப்போ விஞ்ஞானி என்ரிகோ ஃபெர்மி காகிதத் துண்டுகளைக் கீழே விட்டு, அது எவ்வளவு தூரம் தள்ளிப் போய் விழுதுன்னு பார்த்தே வெடிப்போட பலம் சுமார் 10 கிலோ டன்னுன்னு சொன்னாரு. உண்மையில அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல. ஆனா நூறுன்னோ ஒண்ணுன்னோ சொல்லலை பாருங்க, அதுதான் விஷயம்.

நான் போட்ட கணக்கு இது. 2011 சென்சஸ்படி சென்னை மாவட்டத்துல சுமார் 46 லட்சம் பேர். (பழைய எல்லை, மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டரா விரிஞ்சது அதே 2011-ல. எந்த எல்லைன்னு முதல்லயே சொல்லிட்டேன்.) வீட்டுக்கு 4 பேர்னா பதினொன்றரை லட்சம் வீடு. பத்துல 3 வீடு பாக்கெட் மாவு வாங்குதுன்னு வெச்சா 3.45 லட்சம். மூணு நாளைக்கு ஒரு கிலோன்னா, ஒரு நாளைக்கு 1.15 லட்சம் கிலோ.

“இது சரின்னு எப்படி நம்பறது?”ன்னாங்க. வேற பக்கமிருந்து சரிபார்த்தேன். தெருமுனைக் கடை ஒண்ணு நாளைக்கு 20 பாக்கெட் விக்குதுன்னா, 5,750 கடை வேணும். சென்னையில அவ்வளவு கடை இருக்காதா? இருக்கும். எங்க தெருவுலயே மூணு இருக்கு.

அடுத்து சார் ஆரம்பிச்சாரு. “ஒரு மாவுக் கம்பெனி. தினமும் அனுப்பற பாக்கெட் அதே, விலை அதே, அரிசி உளுந்து விலையும் அதே. லாபம் மட்டும் குறையுது. ஏன்?”

வரவு, செலவுன்னு பிரிச்சு, வரவை விலை, அளவுன்னு பிரிச்சு, புத்தகத்துல இருக்கிற மாதிரி ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போனேன். கரண்ட்? அதே. ஆள் கூலி? அதே. அப்புறம் கேட்டேன், “எத்தனை பாக்கெட் திரும்பி வருது சார்?”

இது எந்தப் புத்தகத்துலயும் படிச்சதில்லை. மே மாசம் காலையில போட்ட மாவு சாயங்காலத்துக்குள்ள பொங்கிப் புளிச்சுடும். கடைக்காரர் அடுத்த நாள் அப்படியே திருப்பித் தருவாரு, காசு கழிச்சுக்கணும். இந்தக் கணக்கை எங்கம்மா காலண்டர் பின்னாடி எழுதி வைப்பாங்க.

சார் சிரிச்சுட்டு நம்பர் கொடுத்தாரு. முன்னாடி நூத்துக்கு 8 திரும்பி வந்துச்சு, இப்போ 15. பாக்கெட்டுக்குச் செலவு 30 ரூபாய், கடைக்குக் கொடுக்கற விலை 40. போட்டுப் பாருங்க: 92 பாக்கெட் வித்தா 3,680, செலவு 3,000, லாபம் 680. 85 வித்தா 3,400, லாபம் வெறும் 400. ஏழே ஏழு பாக்கெட் கூடத் திரும்பினதுக்கு லாபத்துல 40 சதவீதத்துக்கு மேல போச்சு. அனுப்பறதைக் குறைக்கணுமா, ரெண்டு தடவையா அனுப்பணுமா, கடைக்கு ஃபிரிட்ஜ் கொடுக்கணுமான்னு பத்து நிமிஷம் பேசினோம். வெயில் காலத்துல மட்டும் கடைக்குப் போடற அளவைக் குறைச்சுக்கலாம்னு முடிச்சேன். அம்மா அதைத்தான் செய்யறாங்க.

ஜூனியர்ஸ், இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது: உங்க வீட்டுத் தொழில் எதுவா இருந்தாலும், இன்டர்வியூவுக்கு முன்னாடி அதோட கணக்கை உட்கார்ந்து ஒரு தடவை போட்டுப் பாருங்க. டீக்கடை, ஆட்டோ, டெய்லரிங், எதுவானாலும் சரி. காஸ்டிங் பேப்பர்ல படிச்ச கான்ட்ரிபியூஷன், பிரேக் ஈவன் எல்லாம் அங்க நடமாடிட்டு இருக்கும்.

எச்.ஆர். ரவுண்டு

இதுக்காகத்தான் இவ்வளவும் எழுதறேன்.

ஹைதராபாத் போவியா? போவேன். நைட் ஷிப்ட் பரவாயில்லையா? பரவாயில்லை. அப்புறம் ரொம்ப சாதாரணமா, பேனாவை மூடிக்கிட்டே ஒரு கேள்வி: “வீட்டுல எப்போ மாப்பிள்ளை பார்க்கறாங்க? டிரெயினிங் முடிச்சதும் கல்யாணம்னு போயிட மாட்டீங்களே?”

“கிரைண்டர் வாங்கின குழுக் கடனை முடிக்கறதுதான் சார் எங்க வீட்டுல இப்போதைக்கு இருக்கிற ஒரே பிளான்”னு சொன்னேன். அவரும் தலையாட்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாரு.

வெளியே வந்ததும் விசாரிச்சேன். கடைசி ரவுண்டு வரைக்கும் வந்தது 9 பேர். 3 பொண்ணுங்கள்ல 2 பேர்கிட்ட இந்தக் கேள்வி. 6 பசங்கள்ல ஒருத்தன்கிட்டகூட இல்லை. ‘கல்யாணமா? என்கிட்ட கிரிக்கெட் பத்தித்தான்பா கேட்டாங்க’ன்னான் ஜி.டி.யில மழை பொழிஞ்சவன். பசங்க வேலையை விட்டுப் போகறதே இல்லையா? எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர் ஆறே மாசத்துல எம்.பி.ஏ. படிக்கப் போயிட்டாரு.

சாயங்காலம் லிஸ்ட் வந்துச்சு. நாலு பேர். என் பேரும் இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சு பிளேஸ்மென்ட் செல்லுல ஃபீட்பேக் ஃபாரம் கொடுத்தாங்க. கேட்ட கேள்விகளை எழுதணும். நான் அந்தக் கேள்வியையும், யார் யார்கிட்ட கேட்டாங்கங்கற எண்ணிக்கையையும் எழுதினேன். வாங்கிப் படிச்சவர் முகம் மாறிடுச்சு. “உனக்குத்தான் வேலை கிடைச்சுடுச்சேம்மா. இது அவங்க காதுக்குப் போனா அடுத்த வருஷம் நம்ம காலேஜுக்கே வர மாட்டாங்க. உன் ஜூனியர்ஸை யோசி”ன்னார். அவர் சொன்னதை லேசா எடுத்துக்க முடியலை. முன்னாடி ஷிப்ட் 2-வை உள்ளயே விட்டதில்லையாம். ஃபாரத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்துட்டேன்.

அம்மாகிட்ட சொன்னேன். உளுந்து கழுவிக்கிட்டே கேட்டாங்க. “அவங்க வர்றாங்க வரலைன்றது அவங்க இஷ்டம்டி. ஆனா அடுத்த வருஷம் வர்ற பொண்ணுங்ககிட்டயும் இதையேதானே கேப்பாங்க?” அவ்வளவுதான் சொன்னாங்க. அப்புறம், காலையில கடைக்குப் போட எதிர்வீட்டுப் பையனைக் கேட்டிருக்கறதாவும், நான் ஹைதராபாத் கிளம்பற வரைக்கும் அவனுக்கு ரூட்டைக் காட்டித் தரணும்னும் பேச்சை மாத்திட்டாங்க.

மறுநாள் அந்த ஃபாரத்தை ஒரு எழுத்துகூட மாத்தாம, என் பேரு போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். ஒரு நகல் எங்க டிபார்ட்மென்ட் மேடம்கிட்ட. ஆஃபர் லெட்டர்லயும் கையெழுத்துப் போட்டேன். வேலை எனக்கு வேணும், அதுல எந்த நடிப்பும் இல்லை. ஃபாரம் மேல போச்சா, ஆஃபீஸ் டிராயர்லயே தூங்குதான்னு தெரியலை. திங்கக்கிழமை மேடம் பிரின்சிபாலைப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சதும் எழுதறேன்.

கேர்ள்ஸ், அடுத்த வருஷம் உங்ககிட்ட இந்தக் கேள்வி வந்தா என்ன பதில் சொல்லணும்னு நான் சொல்லப் போறதில்லை. அந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத்தான் அது தெரியும். வெளியே வந்ததும் தேதி போட்டு ஒரு பேப்பர்ல எழுதி வையுங்க, பக்கத்துல இருக்கிற பசங்ககிட்டயும் கேளுங்க. பசங்களா, அவங்க வந்து கேட்டா சிரிக்காம பதில் சொல்லுங்க.

ஆப்டிட்யூட் புக்கு ரெண்டு இருக்கு. யாருக்கு வேணுமோ கிளாஸ்ல வந்து வாங்கிக்கோங்க. காலையில மட்டும் தேடாதீங்க, மாவு போடப் போயிருப்பேன்.