தண்ணீர் தரலாம், பாஸ்வேர்டு?

பௌர்ணமி கிரிவலத்தன்று எங்கள் செங்கம் சாலைத் திண்ணையில் உட்காருபவர்கள் முதலில் கேட்பது தண்ணீர். அடுத்தது வைஃபை பாஸ்வேர்டு. தண்ணீர் தாராளமாகத் தரலாம்; பாஸ்வேர்டைத் தருமுன் யோசிக்கணும்.

2008 ஜூலை 26, அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிடங்கள் முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வீட்டுப் பூட்டில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. போலீஸ் போய் நின்றது அவர் வாசலில். பாவம், மனிதருக்குச் சம்பந்தமே இல்லை.

செல்போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைக்காதீர்கள், அது தெருவுக்கே தெரியும். ரூட்டரில் பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2 அல்லது 3 போதும். பாஸ்வேர்டு இல்லாமலே இணைக்க உதவும் டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள், அதன் 8 இலக்கப் பின் எண்ணை உடைப்பது சுலபம். ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டு வேறு, அதையும் மாற்றணும்.

அறை வாடகைக்கு விடுபவர்கள் கெஸ்ட் நெட்வொர்க் தனியாகப் போடுங்கள். அப்போதும் இணைப்பு உங்கள் பெயரில்தான்; ஆள் மாறினால் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.